கோபாலகிருஷ்ண பாரதியார்: செவியும் செய்யுளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழிலக்கியத்தைப் பற்றி எழுதுவோர் கோபாலகிருஷ்ண பாரதியாரைக் குறிக்குமிடத்து ஒரு நிகழ்ச்சியைக் கூறாமல் விடுவதில்லை. பாரதியார் தாம் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை மாயூரத்தில் அணுகினார். நூலிற் காணப்பட்ட இலக்கண வழுக்கள் பிள்ளையவர்களுக்கு உவப்பாக இல்லை. வெளிப்படையாக மறுத்துரைக்க மனமின்றி, பின்னர்ப் பார்க்கலாம் எனப் பலமுறை காலம் நீட்டித்தனர். பாரதியாரோ சலியாது மீண்டும் மீண்டும் வந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் பகலுணவுக்குப் பின் உறங்கிக்கொண்டிருந்தமையின், பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளைத் தமக்குள்ளே பாடலானார். உறக்கம் கலைந்து உள்ளிருந்தே கேட்ட புலவர்பெருமான் உருகிக் கண்ணீர் சொரிந்து, பாயிரச் செய்யுளை அளித்தனர் என்பது வரலாறு.

இந்நிகழ்ச்சிக்கு வழக்கமாகக் கூறப்பெறும் பொருள், பக்தியின் முன் இலக்கணம் தோற்றது என்பதாகும். கேட்பதற்கு இனிய முடிவுதான். ஆயின் இம்முடிவு பாரதியாருக்குப் பெருமை சேர்ப்பதுபோலத் தோன்றி, உண்மையில் அவரைத் தாழ்த்துகின்றது. அவர் நல்ல அடியார், குறையுடைய புலவர். அடியாராதலின் குறை பொறுக்கப்பட்டது என்பதே இதன் உட்கிடை. நிகழ்ச்சியைச் சற்று ஊன்றி நோக்கின் வேறொன்று புலனாகும். பிள்ளையவர்கள் நூலை முதலிற் கண்ணாற் படித்தனர். பின்னர்ச் செவியாற் கேட்டனர். நூல் மாறவில்லை. சொற்களும் மாறவில்லை. படித்தபோது உறுத்திய சொற்கள் கேட்டபோது உறுத்தவில்லை எனின், அதற்குக் காரணம் கேட்டவரின் உள்ளத்தில் மட்டுமன்றி அச்சொற்களின் அமைப்பிலும் இருத்தல் வேண்டும். வழு எனப்பட்ட இடங்கள் சிலவற்றிலேதான் பாரதியாரின் இசைக்கல்வி முழுவதும் தொழிற்படுகின்றது என நாம் கருதுகின்றோம். அதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பாரதியாரைப் பற்றி நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றினின்றும், அவர்தம் பிற உரைநடை நூல்களினின்றும் கிடைப்பன. ஐயரவர்கள் பாரதியாரை நேரில் அறிந்தவர். அவரிடம் இசை பயின்றவர். 1871ஆம் ஆண்டில் பிள்ளையவர்களிடம் தமிழ் கற்க மாயூரம் சென்ற இளைஞர், ஆங்கேயே வாழ்ந்த பாரதியாரிடம் சின்னாள் இசையும் கற்றனர். ஆசிரியர் இதனை அறிந்து, இசையிற் கருத்துச் சென்றால் இலக்கண இலக்கியப் பயிற்சிக்கு ஊறு நேரும் என்னும் கருத்தினராக இருந்தமையால் அப்பயிற்சி நின்றுவிட்டது. தமிழ்க் கல்வியும் இசைக் கல்வியும் ஒரே ஊரில், ஒரே மாணவரிடத்தில், ஒன்றையொன்று விலக்கிய காட்சி இது. பழந்தமிழ் நூல்கள் பலவற்றைத் தேடிப் பதிப்பித்துத் தந்த ஒருவரை நமக்கு அளித்தமையின் அவ்விலக்கை நாம் குறைகூறுதற்கில்லை. ஆயினும் அன்று மாயூரத்தில் இடப்பட்ட அக்கோடு இன்றும் நம் துறைகளுக்கிடையே அழியாமல் இருக்கின்றது என்பதைக் கூறாமலும் இருத்தற்கில்லை.

பாரதியார் 1810ஆம் ஆண்டினை ஒட்டி நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் தோன்றியவர். வீணை வல்ல குடும்பத்தினர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயூரம் எனக் காவிரிநாட்டு ஊர்களில் அன்பர்தம் ஆதரவில் வாழ்ந்தார். மணம் புரிந்துகொள்ளவில்லை. மாயூரத்தில் கோவிந்த யதி என்பாரிடம் வேதாந்தமும் யோகமும் பயின்றார். அக்காலத்துப் புலவரும் இசைவாணரும் அரண்மனையையோ, மடத்தையோ, கோயிலையோ சார்ந்து வாழ்ந்தவர். பிள்ளையவர்கள் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்தும், ஊரார் வேண்டுகோளுக்கு இணங்கித் தலபுராணங்கள் பாடியும் வாழ்ந்தமை யாவரும் அறிந்தது. பாரதியார் இம்மூன்றனுள் ஒன்றிலும் பதவி பெற்றவரல்லர். அரண்மனைச் சூழலுக்குச் சென்றதும் மாணவராகவே. அவர் பாடிய பொருளை நோக்கினும் இத்தனிமை விளங்கும். நந்தனைப் பற்றி ஒரு முழு இசைநாடகம் பாடுக என அக்காலத்து அரசரோ மடத்தலைவரோ வேண்டியிருப்பர் எனக் கருத இடமில்லை. தாமே பாட்டெழுதித் தாமே மெட்டமைத்துத் தாமே பாடித் தம் விருப்பப்படி வாழ்ந்த இசைப்புலவர் என்று இவரைக் கூறுவது பொருந்தும்.

தாமே எழுதித் தாமே மெட்டமைத்தார் என்பதன் சிறப்பினை உணர, இவருக்கு முன் விளங்கிய அருணாசலக் கவிராயரோடு ஒப்பிடல் வேண்டும். கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனைக்கு இசையமைத்தவர்கள் அவரிடம் தமிழ் பயின்ற மாணவர்களாகிய வேங்கடராமையரும் கோதண்டராமையரும் ஆவர். ஆண்டுச் சொல் ஒருவருடையது, இசை மற்றவருடையது. ஆகவே கவிராயரின் சொற்றொடர்கள் இசையின்றிப் படிப்பினும் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கின்றன. உரையாடல் விறுவிறுப்பும் பழமொழி வளமும் உடையன. பாரதியாரிடத்தோ சொல்லும் மெட்டும் ஒருங்கு பிறந்தன. அவர் வரிகள் சில தாளில் தளர்ந்து கிடப்பதும், பாடியவுடன் எழுந்து நிற்பதும் இதனாலே. படிக்கும்போது நொண்டும் ஒரு வரியைத் தாளமிட்டுப் பாடிப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுதல் முறை. இதனை நாம் வகுப்பறையிற் செய்கின்றோமா என்பது வேறு செய்தி.

அவர் செவியிற் புகுந்த இசைகள் யாவை? முதலாவது, தஞ்சை நாட்டுக் கருநாடக இசை மரபு. தியாகராச சுவாமிகளைத் திருவையாற்றில் பாரதியார் கண்டபோது, சீடர்கள் ஆபோகி இராகக் கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தனர் என்றும், அவ்விராகத்தில் நீர் ஏதேனும் பாடியதுண்டோ எனச் சுவாமிகள் வினவ, பாரதியார் மறுநாளே ‘சபாபதிக்கு’ எனத் தொடங்கும் கீர்த்தனையை இயற்றிப் பாடினார் என்றும் கூறுவர். தியாகராசர் மறைந்தது 1847ஆம் ஆண்டாதலின் இஃது அதற்கு முற்பட்டது. இதனைப் போட்டிக் கதையாகச் சொல்லி மகிழ்வோர் பலர். நாம் இதிற் காண்பது வேறு. ஆபோகி, பஞ்சமமும் நிடாதமும் நீங்கிய ஐந்து சுர இராகம். அது நீண்ட சொற்கோவைகளை ஏற்பதன்று. ஒருநாட் கேட்ட இராகத்தின் இயல்புக்கு ஏற்பச் சொற்களைக் குறுக்கி எளிமையாக்கும் திறம் மறுநாளே அவருக்குக் கைவந்தது. கேட்டதைச் சொல்லமைப்பாக மாற்றும் இச்செவிக்கூர்மையே அவருடைய முதன்மையான கருவி. தியாகராசர் தெலுங்கில் பிரகலாத பக்தி விசயம், நௌகா சரித்திரம் ஆகிய இசைநாடகங்களை இயற்றியவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கீர்த்தனைகளைத் தொடுத்து ஒரு கதையைச் சொல்லும் முறை அக்காலத்துக் காவிரிக்கரையில் உயிரோடிருந்தது.

இரண்டாவது, வடநாட்டு இசை. தஞ்சை மராட்டிய அரச மரபின் ஒரு கிளையினர் வாழ்ந்த திருவிடைமருதூரில் இராமதாசர் என்னும் இந்துஸ்தானி இசை வல்லுநரிடம் பாரதியார் பயின்றார். இதனைச் சான்று காட்டி விளக்குவோர், அவருடைய பாடல்கள் இன்று ஜோன்புரி முதலிய வடநாட்டு இராகங்களிற் பாடப்பெறுதலை எடுத்துக்காட்டுவர். இவ்வாறு செய்தல் ஆராய்ச்சி நெறியன்று. கச்சேரி மேடையில் வழங்கும் மெட்டுக்கள் காலந்தோறும் மாறுவன. இன்றைய மெட்டினைக் கொண்டு நூறாண்டுகட்கு முற்பட்ட ஒருவரின் பயிற்சியை நிறுவ முற்படுதல், இன்றைய பாடத்தை வைத்து மூலபாடத்தை முடிவு செய்வதை ஒக்கும். வடநாட்டு இசையின் பயனை இராகப் பெயர்களிலன்றிப் பாடலின் போக்கிலே தேடுதல் வேண்டும். ஒரே சிறு தொடரைப் பல்லவியாக வைத்து, அதனையே திரும்பத் திரும்பச் சுற்றி வந்து, ஒவ்வொரு முறையும் உணர்ச்சியைச் சிறிது மிகுத்துச் செல்லும் பாங்கு பாரதியாரின் முறையீட்டுப் பாடல்களில் மிகுதி. இதற்கு அப்பயிற்சி துணைசெய்திருக்கலாம். இதற்கு மேற் கூறுதல் துணிபாகாது.

மூன்றாவது, பதம். கனம் கிருஷ்ணையர் முதலியோர் தமிழிற் பதங்கள் பாடிச் சிறந்த காலம் அது. தலைவன் வாரானோ எனத் தலைவி ஏங்குதல் பதத்தின் உயிர். நந்தனின் ‘நாளைப் போவேன்’ என்னும் ஏக்கத்தைப் பாரதியார் விரிக்கும் முறையில் இப்பதத்தின் அமைப்பினை நாம் காண்கின்றோம். நாயகி காத்திருப்பதுபோலவே நந்தன் காத்திருக்கின்றான். தோழியரிடம் கூறுவதுபோலவே தன் சேரியாரிடம் கூறுகின்றான். ஊரார் அலர் தூற்றுவதுபோலவே அவர்கள் அவனை எள்ளுகின்றனர். ஒரு வேற்றுமை உண்டு. தலைவியைத் தடுப்பது நாணமும் தாயும். நந்தனைத் தடுப்பது நிலமும் சாதியும். காதற் பதத்தின் ஏக்கம் பண்ணையாளின் வாயிற் புகுந்தபோது பிறந்த புதுமை இது.

நான்காவதனை இசையாசிரியர்கள் குறிப்பதில்லை. நொண்டிச் சிந்து முதலிய நாட்டார் வழக்கின் மெட்டுக்கள் அவை. நந்தனார் சரித்திரத்தில் கதையை நடத்திச் செல்வது பெரும்பாலும் நொண்டிச் சிந்தே. இடையிடையே விருத்தமும், வசனமும், இருசொல் அலங்காரமும், கீர்த்தனையும் விரவுகின்றன. கீர்த்தனை உணர்ச்சி பெருகும் இடத்தில் நிற்கும். சிந்து காலைத் தூக்கி வைத்து நடக்கும். நொண்டி நாடகத்தில் திருடிக் கால் இழந்தவன் தன் கதையைத் தானே கூறுதற்குப் பயன்பட்ட யாப்பு அஃது. சமுதாயத்தின் விளிம்பில் நிற்பவனின் கதைக்கு அதனைப் பாரதியார் எடுத்துக்கொண்டது தற்செயல் எனத் தோன்றவில்லை.

இவற்றை மட்டும் கூறி நிறுத்தினால், மூலங்களைப் பட்டியலிட்ட குற்றத்திற்கு நாம் ஆளாவோம். இம்மூலங்கள் எதற்குப் பயன்பட்டன என்பதே வினா. அதற்கு விடை காணச் சேக்கிழாரிடம் சென்று மீளுதல் வேண்டும்.

பெரியபுராணத்துத் திருநாளைப்போவார் புராணம் 37 செய்யுட்களால் ஆயது. ஆண்டு வரும் நந்தனார் ஆதனூரில் ஊர்ப்பணிக்கென விடப்பட்ட மானிய நிலத்தின் வருவாயைக் கொண்டு வாழ்பவர். கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளிக்கும் தொண்டினர். அவருக்கு மேலே ஓர் ஆண்டை இல்லை. தில்லைக்குச் செல்லாமல் நாளை நாளை எனத் தள்ளியதற்குக் காரணம், தம் பிறப்பை எண்ணி அவர்தம் உள்ளத்தெழுந்த தயக்கமே. பாரதியாரின் நந்தனோ வேதியர் ஒருவரிடம் கட்டுண்ட பண்ணையாள். அவன் நினைத்தவுடன் புறப்பட இயலாது. விடை பெறல் வேண்டும். வேதியர் அவன் உணவையும் குலத்தையும் சுட்டி இழித்து, மார்கழித் திருநாள் உனக்கு எதற்கு எனச் சினந்து பாடுகின்றார். பின்னர், நாற்பது வேலி நிலத்தையும் நட்டு அறுவடை செய்துவிட்டுப் போ என்கின்றார். ஓரிரவில் இறைவனருளால் அது முடிகின்றது. வேதியரும், சேரியிலுள்ள பெரிய கிழவனும், நாற்பது வேலி நிலமும் சேக்கிழாரிடம் இல்லை, பாரதியார் படைத்தவை.

எங்கிருந்து படைத்தார்? கும்பினியாட்சிப் பகுதிகளில் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஏற்பு இல்லை என 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் கூறிற்று. தஞ்சைக் கழனிகளில் பண்ணையாள் முறை அதனால் மறைந்துவிடவில்லை, நெடுங்காலம் நிலைத்தது. பாரதியார் மிராசுதாரர்களின் வீட்டுத் திண்ணைகளில் வாழ்ந்தவர். விடை கேட்டு வாயிற்புறத்தே நிற்கும் ஆளையும், திண்ணையினின்று வரும் மறுமொழியையும் அவர் நாள்தோறும் கேட்டிருத்தல் வேண்டும் என நாம் உய்த்துணர்கின்றோம். நூல் 1860களின் தொடக்கத்தில், காரைக்காலில் அலுவல் புரிந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆர்வத்தால் முதலில் அச்சேறியது. தம்மை ஆதரித்த வகுப்பினரின் குரலையே தம் நூலிற் கொடுங்குரலாக அமைத்தார் என்பது சிறு செய்தியன்று. அரண்மனைப் பதவியோ மடத்துப் பதவியோ உடையவர்க்கு இஃது எளிதாயிருந்திராது.

இனி வழு எனப்பட்ட சொற்களுக்கு வருவோம். மூன்று பாடல்களின் தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

திருப்புன்கூரில் நந்தியின் உருவம் மறைத்து நிற்க, நந்தன் பாடுவது ‘வழிமறைத்திருக்குதே’ என்பது. இன்று நாதநாமக்கிரியையில் பாடப்பெறுவது. இலக்கணம் ‘மறைத்திருக்கின்றதே’ என வேண்டும். ‘இருக்குதே’ என்பது பேச்சு வழக்கு. பிள்ளையவர்களின் எழுத்தாணி இதன்மேல் ஒரு கணம் தயங்கியிருக்கும். ஆயின் இதனைத் திருத்திப் பாடிப் பாருங்கள். ‘கின்ற’ என்னும் வல்லின மெல்லின மோதலில் இசை தடைப்படும். இசை நிற்க, சொல்பவன் யார் என்பதும் மறைந்துபோம். ‘மறைத்திருக்கின்றதே’ எனக் கூறுபவன் புலவன். ‘இருக்குதே’ எனக் கூறுபவன் வெயிலில் நடந்து வந்த உழவுத் தொழிலாளி. வேதியரின் பேச்சு ஒருவகை. கிழவனின் பேச்சு ஒருவகை. நந்தனின் பேச்சு ஒருவகை. மாந்தர்க்கேற்ற மொழி என்று நாடக இலக்கணத்தில் நாம் பாராட்டுவதனையே இங்கு வழு என்று எண்ணிவிட்டோம்.

இதற்கு விடையாக வருவது, இன்று பூர்விகல்யாணியில் பாடப்பெறும் ‘சற்றே விலகியிரும் பிள்ளாய்’ என்னும் பாடல். இறைவன் நந்திதேவரிடம் கூறுவது. சேக்கிழார் இவ்விடத்தில் இறைவனைப் பேசவைக்கவில்லை. விடை விலகுமாறு அருள்புரிந்தனர் என்று கூறியமைவர். பாரதியார் இறைவனுக்கு வாய் கொடுக்கின்றார். அவ்வாயில் வரும் மொழியை நோக்குக. ‘இரும்’ என்பது மதிப்பு. ‘பிள்ளாய்’ என்பது உரிமை. ஒரு வீட்டுப் பெரியவர் தம் வாயிற்காவலில் நெடுநாள் இருந்தவனிடம் பேசும் குரல் இது. மதிப்பும் உரிமையும் இவ்வாறு கலந்து வருதல் ஒருமை பன்மை மயக்கம் எனக் குறிக்கப்பெறலாம். காவிரிநாட்டு வீடுகளில் இத்தகைய பேச்சினைக் கேட்டவர்கள் அவ்வாறு குறிக்கமாட்டார்கள்.

மூன்றாவது, ‘வருகலாமோ’. மாஞ்சி இராகத்தின் பெயரைக் கேட்டவுடன் இப்பாடலே பலர்க்கு நினைவுக்கு வரும். தில்லை எல்லையில் நின்று, உள்ளே வரலாமா என நந்தன் வினவுகின்றான். ‘வரலாமோ’ என்பதே நேரிய வடிவம். ‘வருகலாமோ’ என்பதற்கு விதி காட்டுதல் அரிது. பழந்தமிழில் ‘கல்’ என்னும் இடைநிலை ‘செய்கலாது’ முதலியவற்றில் எதிர்மறையோடு வருதலை அறிந்தவர்க்கு இச்சொல் இன்னும் இடர்ப்பாடு தரும். அடுத்து வரும் ‘அருகில்’ என்னும் சொல்லோடு எதுகை அமைதற்காக இவ்வாறு நீட்டினார் எனின், அஃது ஒரு காரணமே. மாஞ்சியின் தாழ்ந்த நடைக்கு ஓர் எழுத்து மிகுதல் வேண்டியிருந்தது என்பது மற்றொரு காரணம். இவ்விரண்டினும் மேலான ஒன்று பாடலைக் கேட்கும்போது புலனாகின்றது. பாடுவோர் முதல் மூன்று எழுத்தையும் ஒன்றாகப் பிடித்து ‘வருக’ என நிறுத்தி, அதன்பின் ‘லாமோ’ என இறங்குவதுண்டு. எதனை இறைவன் வாயினின்று கேட்க நந்தன் ஏங்குகின்றானோ, அந்த ‘வருக’ என்னும் சொல் அவன் வினாவினுள்ளேயே ஒலித்துவிட்டு, மறுகணம் ஐயமாக மாறுகின்றது. ‘வரலாமோ’ எனத் திருத்தினால் இது கிடைக்காது. இதனைப் பாரதியார் திட்டமிட்டு அமைத்தார் என நாம் சாதிக்கவில்லை. பாடிக்கொண்டே எழுதுவோரின் நாவில் இத்தகையன தாமே வந்தமையும். நல்ல செவியுடையார் அவற்றை நீக்காமல் விடுவர். பிள்ளையவர்கள் உள்ளிருந்து கேட்டபோது அவர் செவியிற் பட்டவற்றுள் இத்தகையனவும் இருந்திருக்கும்.

பாரதியாரின் எல்லா வரிகளையும் இவ்வாறு காத்துரைத்தல் இயலாது. வேதாந்தக் கருத்துக்களையும் யோகமுறையையும் விளக்கப் புகும் பாடல்கள் சிலவற்றில் செவி உறங்கிவிடுகின்றது. கற்ற பாடத்தை ஒப்பிக்கும் தொனி வந்துவிடுகின்றது. நந்தன் வாயில் அவை பொருந்தவுமில்லை. ‘ஐயே மெத்தக் கடினம்’ என்பது விதிவிலக்கு. யோகத்தின் அருமையைக் கூறும் அப்பாடலில் பேச்சு வழக்கின் பெருமூச்சு தொடக்கத்திலேயே இருந்து பாடலைக் காப்பாற்றுகின்றது. இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்காலம்மையார் சரித்திரக் கீர்த்தனைகளும் அவர் இயற்றியனவே. எனினும் அவை நந்தனார் சரித்திரத்தின் வேகத்தை எட்டவில்லை. அங்கெல்லாம் எதிர்க்குரலாக ஒரு வேதியர் இல்லை.

நூலின் பிற்கால வரலாறு தனியே ஆராயத்தக்கது. தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் இதனைக் கதாகாலட்சேபத்தில் பாடிப் பரப்பினார். 1935ஆம் ஆண்டில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்த படம் வந்தது. 1942ஆம் ஆண்டில் தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினி படம் வந்தது. தமிழிசை இயக்கம் எழுந்த 1940களில் பாரதியாரின் கீர்த்தனைகள் தமிழிற் பாட்டு இல்லையென்பார்க்கு விடையாயின. இவையெல்லாம் நன்மையே. ஆயின் கச்சேரி மேடை நந்தனின் முறையீடுகளை மட்டும் தேர்ந்துகொண்டது. வேதியரின் வசைப்பாட்டும், சேரியின் எள்ளலும், கிழவனின் அச்சமும், சிந்துகளும் பெரும்பாலும் உதிர்ந்தன. யாரிடம் விடை கேட்டு, யாரால் மறுக்கப்பெற்று நந்தன் அவ்வாறு உருகினான் என்பது மறைந்து, உருக்கம் மட்டும் எஞ்சியது. நாம் அறிந்த ஒரு கல்வி நிலையத்தில் இந்நூலை ஆராய விரும்பிய மாணவி ஒருவர், இஃது இசைத்துறைக்குரியது எனத் தமிழ்த்துறையாலும், பாடல் வரிகள் பற்றியது எனவே தமிழ்த்துறைக்குரியது என இசைத்துறையாலும் திருப்பப்பட்டு, ஈற்றில் வேறொரு தலைப்பினை எடுத்துக்கொண்டார். தமிழார் பாடல்களைப் படிக்கின்றனர். இசையார் சிலவற்றைப் பாடுகின்றனர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை என்னும் முழு நூல் எவரிடத்தும் இல்லை.

இன்னொரு வினாவும் நம்முன் உள்ளது. வேதியரைப் படைத்த பாரதியார், அவரை என் செய்தார்? நாற்பது வேலியும் விளைந்து கிடத்தலைக் கண்ட வேதியர் நந்தன் காலில் விழுகின்றார்; அவனையே குருவாகக் கொள்கின்றார். ஆயினும் தில்லையில் நந்தன் தீயிற் புகுந்தே உட்செல்லல் வேண்டியிருக்கின்றது. சேக்கிழார் வகுத்த அம்முடிவைப் பாரதியார் மாற்றவில்லை. ஆண்டையின் மனம் மாறிய பின்னும் கோயிலின் வாயில் மாறவில்லை. இதனைக் கொண்டு பாரதியாரைப் பழமையில் நின்றவர் என இகழ்வோரும் உளர். வேதியரைப் பணியவைத்ததைக் கொண்டு புரட்சியாளர் எனப் புகழ்வோரும் உளர். இரு சாராரும் நூலின் ஒருபாதியைப் படித்தவர்கள்.

பாரதியாரின் நிலையை அறிய நாம் மீண்டும் திருப்புன்கூருக்கே செல்லல் வேண்டும் போலும். ஆண்டு இறைவன் நந்தியை எழுந்து அகலுமாறு கூறவில்லை. நந்தனை உள்ளே அழைக்கவுமில்லை. ‘சற்றே’ என்கின்றான். புறத்தே நிற்பவன் புறத்தே நின்றவாறு காணுதற்கு எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவே. பூர்விகல்யாணியில் அப்பாடலைப் பாடுவோர் ‘விலகியிரும்’ என்பதை விரித்துப் பாடி, ‘சற்றே’ என்பதை விரைந்து கடந்துவிடுகின்றனர். பாரதியார் முதலில் வைத்த சொல் அது.